குவார்டாவிலிருந்து அப்பா

அன்பு மகளுக்கு,

சுவிஸ் மலையூரான இந்தக் குவார்டாவில் நீ எங்களுக்கு எடுத்துத் தந்த மூன்று இரவில் இரண்டு முடிந்துவிட்டது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினது காணாது, கடிதம் எழுதுங்கோ என்று அம்மா சொல்கிறா. அவ சோபாவில் நித்திரை.

லண்ட்குவார்ட்டில் ரயில் மாறின பிறகு வெறைனா சுரங்கம், 19 கிலோமீற்றர். "இன்னும் முடியேல்லையோ?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டா. வெளியே வந்தால் பலகைகளில் வேறு பாஷை. ஸ்டேசன் கீழே, ஊர் மேலே. மஞ்சள் போஸ்ட் பஸ் வளைந்து வளைந்து ஏறி 1,653 மீற்றரில் இறக்கிவிட்டது. இறங்கினதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீ ஏன் இந்த ஊரைத் தெரிந்தெடுத்தாய் என்று அப்போதுதான் விளங்கியது.

கிண்டர்கார்டனில் இருந்து நீ கொண்டுவந்த படப்புத்தகம் ஞாபகம் இருக்கா? அதில் வந்த ஊர்தானே இது. பெரிய மணி தேடிப் பனிக்குள் போகும் பெடியன். எனக்கு டொச் (ஜேர்மன்) வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து, கோயில் மணியைத் தேடிப் போறான் என்று நானே ஒரு கதை கட்டிச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, "அப்பா, அதில கோயிலே இல்லை" என்று வந்து சொன்னாய். இந்த ஊரின் பழைய வீடுகளை 1939 முதல் 1945 வரை திருத்தி எடுத்த கட்டடக்கலைஞருடைய மனைவிதான் அந்தக் கதையை எழுதினவவாம்.

வீடுகளை அம்மா பார்த்து முடிக்கவில்லை. சாம்பல் நிறச் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயமுதல் கீறி எடுக்கிற வேலை. சுவரில் கோலம் போட்டிருக்கினம் என்கிறா. யன்னல்கள் புனல் மாதிரி உள்நோக்கிச் சுருங்கும், குளிருக்காக. வாசல் வளைவு வைக்கோல் வண்டில் போகிற அகலம். 1622இல் ஒஸ்திரியப் படை ஊரை எரித்துவிட்டுப் போக, பிறகு திரும்பக் கட்டினவைதான் இவை. எங்கள் வீட்டை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

நேற்று வெள்ளிக்கிழமை. அறைக்காரம்மா அன்பாகப் பார்லி சூப் கொண்டுவந்து வைத்தா. மேலே பன்றி இறைச்சித் துண்டுகள் மிதக்குது. அம்மா என்னைப் பார்க்க, நான் இரண்டு கோப்பையும் குடித்தேன். நல்ல சூப். அம்மா கொண்டுவந்த சோத்துச் சட்டியும் மிளகாய்த்தூளும் உதவின. இனி அதைப் பற்றி நக்கலடிக்க மாட்டேன்.

பிறகு வால்நட் தோர்ட்டே, வால்நட் வைத்த கேக், வந்தது. பேர்ண் ஹோட்டலில் அதை நானே எத்தனை நூறு செய்திருப்பேன்! இந்த உயரத்தில் வால்நட் மரம் வளராது, பிறகு எப்படி இது உங்கட பலகாரம் என்று கேட்டேன். அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டா. இந்தப் பள்ளத்தாக்கில் சோத்துக்கு வழியில்லாமல் ஆட்கள் வெனிசுக்குப் போய்க் கேக்கும் இனிப்பும் செய்து பிழைத்தவையாம். 1766இல் வெனிஸ் அவர்களைத் துரத்த, ஐரோப்பா முழுக்கச் சிதறி அங்கங்கே கடை போட்டிருக்கினம். கோடையில் மட்டும் ஊருக்கு வந்து போகிற அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ரந்துலின்ஸ், தகைவிலான் குருவிகள்.

முப்பது வருஷம் சுவிஸ்காரருடைய குசினியில் நின்றேன் பிள்ளை. முதல் நாலு வருஷம் சட்டி கழுவினேன். இவர்களும் ஆரோ ஒருவருடைய குசினியில் நின்றவர்கள் என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. (அப்போது இந்தப் பகுதி சுவிஸிலேயே இல்லை, 1803இல்தான் சேர்ந்தது என்று அறைக்காரம்மா திருத்தினா. இருக்கட்டும்.)

இன்று காலை பக்கத்து ஊர் அர்டெஸ் பக்கம் நடந்தோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பு முதுகுப்பையோடு எதிரே வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் "அலெக்ரா" என்று வணக்கம் சொல்லிப் போக, அம்மா இருபது தரம் திருப்பிச் சொன்னா. வீட்டில் இந்தப் பக்கத்துப் பாஷை ரொமான்ஷ், பள்ளியிலும் முதலில் ரொமான்ஷ், பிறகுதான் டொச். இந்தச் சின்னப் பாஷையைத் தேசிய மொழியாக்க 1938இல் முழு நாடும் வாக்குப் போட்டிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது ஒன்று குத்தியது. ஏழாம் வகுப்பில் நீ ஸ்கிலாகருக்கு, பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு முகாமுக்கு, போகக் கேட்டாய். காசில்லை என்றேன். காசு இருந்தது. பொம்பிளைப்பிள்ளை ஐந்து இரவு வெளியில் தங்குவதா என்ற பயம், சனம் என்ன சொல்லும் என்ற பயம். அந்தக் கிழமை நீ வேறு வகுப்பில் போய் இருந்தாய், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசு என்று சொன்னது பொய். இதைப் போனில் சொல்ல வாய் வராது.

இரவில் இங்கே ஒரு சத்தம்தான், யன்னலுக்குக் கீழே மரத்தொட்டியில் விழுகிற ஊற்றுத் தண்ணி. முதல் இரவு நான் பைப்பை மூடவில்லையாக்கும் என்று அம்மா எழுந்துபோய்ப் பார்த்தா.

மார்ச் 1ஆம் திகதி பிள்ளைகள் கழுத்தில் மணி கட்டி ஊரைச் சுற்றிக் குளிரைத் துரத்துவார்களாம், உன் புத்தகத்தில் இருந்தது போலவே. டொராண்டோவில் லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். அறைக்காரம்மாவிடம் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

அன்புடன்,
அப்பா