கடுகளவு சதையும் ஆக்கர்மேனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய்ப்புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரையில் அறுவை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் வந்தன. எடுத்த சதையைப் பார்த்து நோய் இன்னதென்று சொல்லும் பேத்தாலஜிஸ்ட் மட்டும் வரவில்லை. பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் புகையிலை அடக்குவோர் கன்னத்தில் வெள்ளையாக, மரு போல, காலிஃபிளவர் பூவாக வளரும் ஒருவகைப் புற்றுக்கே ஒரு பேத்தாலஜிஸ்ட்டின் பெயர் உண்டு: ஆக்கர்மேன் கட்டி.

லாரன் ஆக்கர்மேன் (1905-1993) வாயில் வரும் இந்தப் புற்றைத் தனியாக இனங்கண்டு 1948இல் எழுதினார். மெதுவாக வளரும், நெறிக்கட்டிக்குப் பரவுவது அரிது, முழுதாக வெட்டியெடுத்தால் பெரும்பாலும் குணமாகும். சிக்கல் பயாப்ஸியில், அதாவது சோதனைக்குச் சதை எடுப்பதில்தான். மேலே உள்ள செல்கள் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். கட்டி அடியில்தான் அகன்று அழுத்தி இறங்கும். மேலாகக் கடுகளவு கிள்ளி அனுப்பினால், 'தோல் தடிப்பு, புற்று இல்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும். ஓரத்து நல்ல சதையும் அடிப்பகுதியும் சேர்ந்து வர வேண்டும். பல் உள்ள இடுக்கியால் நசுக்கினாலோ மின்கத்தியால் கருக்கினாலோ அதுவும் வீண்.

சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகட்டில் (ஸ்லைடில்) தெரிவதை மட்டும் நம்பாமல், நோயாளியிடம் கண்டதோடு பொருத்திப் பார் என்பது அவர் பாடம். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டு அப்படித்தான் கற்பித்தார். அறுவையில் எடுத்த சதையை ஆராய்வது பற்றி 1953இல் அவர் எழுதிய அறுவை நோய்க்குறியியல் நூலை, அவரிடம் பயின்ற ஹுவான் ரோசாய் பின்னர் தொடர்ந்தார். ரோசாய்-டார்ஃப்மன் என்ற அரிய நோயின் பெயரில் வரும் அதே ரோசாய்தான்.

நம் ஊரில் எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டு நோயாளி தரப்பின் கையில் கொடுத்து, சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அதில் சலைன் (உப்புநீர்) இருந்தால் அழுகல் நிற்காது. வேண்டியது சதையைக் கெடாமல் வைக்கும் 10 சதவீத ஃபார்மலின், அதாவது கடையில் வரும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அமிலத்தன்மை ஏறாமல் காக்கும் பஃபர் உப்பு சேர்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சதையின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஊற்ற வேண்டும். ஃபார்மலின் ஊடுருவுவது ஏறத்தாழ மணிக்கு 1 மில்லிமீட்டர்தான். அகற்றிய மார்பகத்தை அப்படியே முழுதாகப் போட்டு வைத்தால் மேல்தோல் விறைக்கும், உள்ளே கெட்டுப்போகும். வாய் குறுகிய பாட்டிலும் ஆகாது. மெத்தென்று உள்ளே போன சதை விறைத்தபின் வெளியே வராது. பெயரை மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். சீட்டில் பென்சிலால் எழுதி, பாட்டிலின் உடம்பிலேயே ஒட்டுங்கள். பேனா மை கரையும்.

சதையோடு வரும் படிவத்தில் 'வாய்ப்புண்' என்று ஒரே சொல். எந்தப் பக்கம், எத்தனை மாதமாக, புகையிலை அடக்கும் இடம் எது, முன்பு எடுத்த பயாப்ஸி என்ன சொன்னது என்பதெல்லாம் வேண்டும். கட்டியைப் பார்த்தால் புற்றாகத் தெரிந்து, ரிப்போர்ட் 'புற்று இல்லை' என்று வந்தால், பேத்தாலஜிஸ்ட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு ஆழமாக மறுபடி எடுப்பதுதான் முறை. அதை ஆய்வகத்தின் தவறு என்றோ டாக்டரின் தவறு என்றோ பார்க்க வேண்டியதில்லை.

வேறு மருத்துவமனைக்குப் போகும்போது பாரஃபின் கட்டையையும் (சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். கட்டையிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் புதிதாகச் சீவிப் பார்க்கலாம். நம் மக்களோ ரிப்போர்ட் தாளை மட்டும் லேமினேட் செய்து பத்திரமாக வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் ஆய்வக நுட்புநர் ஒருவர்,
தருமபுரி