யெஸ்ரயேலின் இரத்தப்பழியும் இரண்டு தீர்ப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போரையும் சமாதானத்தையும் பற்றிய வேதாகம வசனங்களை ஆராய்ந்து தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அவற்றுக்கிடையே தோன்றும் முரண்கள் யாவும் வசனங்களைத் தனித்தனியே பிய்த்து வாசிப்பதால் வருபவையே என்று முடிகிறது. வேதாகமத்தை நாள்தோறும் வாசிக்கும் விசுவாசியாகிய என்னால் அம்முடிவை ஏற்க இயலவில்லை.

சில இடங்களுக்கு அது பொருந்தும். பட்டயங்களை, அதாவது வாள்களை, மண்வெட்டிகளாக அடிக்கும் நாளைத் தீர்க்கதரிசிகளான ஏசாயாவும் (2:4) மீகாவும் (4:3) அறிவிக்க, மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடிக்கச் சொல்கிறார் யோவேல் (3:10). ஆனால் யோவேலின் குரல், யூதாவின் மக்களை அடிமைகளாக விற்ற ஜாதிகளை (பிற தேசத்தாரை) நியாயத்தீர்ப்புக்கு வரவழைக்கும் அறைகூவல். மற்ற இருவரும் பாடுவதோ கர்த்தர் ஜாதிகளுக்குள் நியாயந்தீர்த்த பின்பு வரும் காலத்தை. அதுபோலவே மத்தேயு 10:34இல் இயேசு குறிப்பிடும் பட்டயம் குடும்பத்துக்குள் நேரும் பிளவு என்பது அடுத்த வசனத்திலேயே தெளிவாகிவிடுகிறது.

யெகூவின் வரலாறு இவ்வாறு அவிழ்வதில்லை. எலிசா அனுப்பிய தீர்க்கதரிசியின் கையால் அபிஷேகம் பெற்ற இஸ்ரவேலின் படைத்தலைவன் யெகூ, யெஸ்ரயேல் பட்டணத்தில் யோராம் ராஜாவையும் அவன் தாய் யேசபேலையும் கொன்று, யோராமின் தந்தையான ஆகாப் ராஜாவின் குமாரர் 70 பேரின் தலைகளைப் பட்டணவாசலில் இரண்டு குவியல்களாக வைக்கச் செய்தான். அவன் தம்முடைய பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான் என்று கர்த்தர் சொன்னதாகவும், நான்கு தலைமுறைக்கு அரியணையை வாக்களித்ததாகவும் 2 இராஜாக்கள் 10:30 கூறுகிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில், அதே வம்சத்தைச் சேர்ந்த இரண்டாம் யெரொபெயாம் ஆண்டுகொண்டிருந்தபோது பேசிய தீர்க்கதரிசி ஓசியாவோ, யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வீட்டாரிடத்தில் கர்த்தர் விசாரிப்பார் என்று அறிவிக்கிறார் (1:4). ஒரே கொலைகள், ஒரே கர்த்தரின் பெயரால் இரண்டு தீர்ப்புகள். செயல் சரி, யெகூவின் நோக்கமே தவறு என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. 2 இராஜாக்கள் அவன்மேல் சுமத்தும் குற்றம் பொற்கன்றுக்குட்டி வணக்கம் மட்டுமே. ஓசியாவின் வாக்கியத்திலும் நோக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

தாவீதுக்கு ஆலயம் கட்டும் பேறு கிட்டாமல் போனதற்கும் இரண்டு காரணங்கள் எழுதப்பட்டுள்ளன. சுற்றிலும் இருந்த யுத்தங்களால் அவருக்கு இயலவில்லை என்று அவர் மகன் சாலொமோன், தீருவின் ராஜாவான ஈராமுக்குச் சொல்லி அனுப்புகிறார் (1 இராஜாக்கள் 5:3). பிற்காலத்தில் எழுதப்பட்ட நாளாகமமோ, அவர் திரளான இரத்தத்தைச் சிந்தியதாலேயே தடுக்கப்பட்டார் என்கிறது (1 நாளாகமம் 22:8). முந்தைய நூலில் வெறும் தடையாக இருந்த போர், பிந்தைய நூலில் கறையாகிவிடுகிறது.

இவற்றை மூடி மறைப்பதைப் பக்தி என்று நான் கருதவில்லை. தங்கள் முன்னோர் கர்த்தரின் பெயரால் செய்த போர்களைப் பின்வந்தவர்கள் அதே கர்த்தரின் பெயரால் மறுவிசாரணை செய்தார்கள். அந்த இரண்டு குரல்களையும் அழிக்காமல் ஒரே வேதத்தில் காத்தும் வைத்தார்கள். யோசுவாவின் போர்களையும் அமலேக்கியரின் அழிவையும் எடுத்துப் பிரசங்கிக்கும் போதகர்கள், இன்று நடக்கும் போர்களுக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவதற்கு முன், ஓசியாவின் முதல் அதிகாரத்தையும் சபையில் உரக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், கட்டுரையாளர் இந்த இரண்டு இடங்களையும் எடுத்துக்கொண்டு பதிலளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்