ஓ சியன் தேடிப் போன ஊர்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சீனாவிலுள்ள சுவான்சோவுக்குப் போய்விட்டு நலமாக பினாங்கு வந்து சேர்ந்தோம். நீ தொலைபேசியில் அழைத்தபோது அம்மா முந்திக்கொண்டு தன் பூக்கதையைச் சொல்லி முடித்துவிட்டதால், சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்கு இடமே கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹொக்கியன் என்னும் சீன மொழி பேசும் நம் அண்டை வீட்டார் 'சுவான்சியூ' என்று சொல்லும் அதே ஊரைத்தான் வரைபடத்தில் சுவான்சோ என்று போட்டிருக்கிறார்கள். மார்க்கோ போலோ 'சைத்தூன்' என்று எழுதிய துறைமுகம் அது. 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் சேர்ந்தது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்ததை நான் முன்பே உனக்குச் சொல்லியிருக்கிறேன். கையுவான் என்னும் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம், இடிந்துபோன சிவன் கோயிலிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய இரு தூண்களில் நரசிம்மரையும், யானையைக் காக்க வந்த திருமாலையும் கண்டபோது, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி ஒருத்தி, அவள் எதைக் கும்பிடுகிறாள் என்று கேளாமல், தானும் கைகூப்பினாள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது லோயாங் பாலம்தான். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 1053இல் தொடங்கி 1059இல் கட்டி முடித்த கற்பாலம் அது. அலையடிக்கும் சேற்றில் தூண்கள் நிலைக்க வேண்டுமென்று, பாலம் போகும் வழி நெடுக ஆற்றடியில் கற்களைக் கொட்டி, அவற்றின்மேல் சிப்பிகளை வளரவிட்டிருக்கிறார்கள். சிப்பி தன் ஓட்டால் கல்லோடு ஒட்டிக்கொண்டு வளரும்போது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே அதுவே காரையாகிவிடுகிறது. அங்கே சிப்பி எடுப்பதையும் பிற்காலத்தில் தடை செய்தார்களாம். கடல்நீர் வற்றியிருந்த நேரத்தில் போனதால், படகின் மூக்கைப் போல் கூராகச் செதுக்கிய தூணடிகளை நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். அம்மாவுக்குக் கால் வலித்துவிட்டது.

சூன்பு என்ற மீனவர் ஊரில் வீட்டுச் சுவரையும் சிப்பி ஓட்டால்தான் கட்டியிருக்கிறார்கள். அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூச்சூடுவார்கள். அம்மாவும் சூடிக்கொண்டாள், மீதியை நீ அவளிடமே கேட்டாயிற்று.

இனிச் சாப்பாடு. காலையில், நூல்போன்ற சேமியாவைக் குழையக் குழைய வேகவைத்த கூழ் கிடைக்கும். பொரித்த மாவுக் குச்சியைப் பிய்த்து அதில் போட்டுச் சாப்பிடுவார்கள். வேர்க்கடலையை வெண்ணெயாய்க் கரையும்வரை வேகவைத்த இனிப்புக் கஞ்சியை அம்மா இரண்டு கிண்ணம் குடித்தாள். கடற்புழுவைக் கொதிக்கவைத்து, அதன் சாறு தானே உறைந்து கட்டியாகும் பண்டத்தை நான் மட்டும் ஒரு வாய் சாப்பிட்டேன். குளிர்ச்சியாக, உப்பாக, பழுதில்லாமல்தான் இருந்தது என்றாலும், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதால் இரண்டாம் வாய்க்கு மனம் வரவில்லை.

கடைசி நாள் மேற்குத் தெருவுக்கு அருகே ஒரு கடையில் நம் ஓ சியன், அதாவது சிப்பி போட்ட முட்டைப் பொரியல், கிடைத்தது. சர்க்கரைவள்ளி மாவு, பூண்டுத் தாள், முட்டை, கைநிறையச் சிப்பி. நம் ஊரில் முட்டை மொறுமொறுப்பாக இருக்கும். அங்கே மாவு வழுவழுவென்று நிற்கிறது. மொறுமொறுப்பே எனக்குப் பிடிக்கும். ஆனால் சிப்பி புதிதாக இருப்பதில் அவர்களிடம்தான் தோற்க வேண்டும். கடைக்காரம்மாவிடம் நம் தெரு ஹொக்கியனிலேயே பேசினேன். பாலத்துக் கல்லைப் பற்றிச் சொல்லும்போது 'பத்து' என்றேன், விழித்தார். கல்லுக்கு நாம் சொல்லும் அந்தப் 'பத்து' மலாய்ச் சொல் என்பது இத்தனை வருடமாக எனக்கு உறைக்கவே இல்லை.

சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம், கடை வருவதற்கு முன்பே நீ 'மை ஹியாம்', உறைப்பு வேண்டாம், என்று கத்துவாய், நினைவிருக்கிறதா? பழக்க தோஷத்தில் நானும் அப்படியே சொல்லிவிட்டேன். அவரும் மிளகாய்ச் சாஸ் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் தட்டை நீட்டினார். மாற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்ததால், உறைப்பில்லாமலேயே சாப்பிட்டேன்.

அன்புடன்,
அப்பா