28 வாரத்தில் பிறந்தவளின் அம்மா எழுதும் நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

என் மகள் 28 வாரத்தில், 1,050 கிராம் எடையோடு பிறந்தாள். டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் திருத்திய வயதுப்படி போன வாரம் இரண்டு முடிந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். கரண்டியோடு நிற்கும்போதுதான் உங்கள் ஒவ்வொருவர் நினைவும் வந்தது.

என்.ஐ.சி.யூ. என்னும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் சிஸ்டர்களே, வயர் கழன்றுவிடுமோ என்று நான் நடுங்கியபோது, "உங்க பிள்ளைதானேம்மா, தூக்குங்க" என்று நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வைத்தீர்கள். மறக்க மாட்டேன்.

டாக்டரம்மா, உச்சிக்குழி வழியாகப் பார்த்த அல்ட்ராசவுண்டில் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்றதுமே நாங்கள் மொட்டை போட நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். நீங்கள்தான், கர்ப்பக் கணக்கில் 40 வாரம் வரும்போது ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளான வெண்பொருளில் பரவலாக இருக்கும் லேசான பாதிப்பு அல்ட்ராசவுண்டுக்குத் தப்பிவிடும் என்றீர்கள். மயக்க மருந்து இல்லை. வயிறு நிறையப் பால், காதுக்கு அடைப்பு, உடம்பைச் சுற்றித் துணி, அவ்வளவுதான். இரண்டு முறை விழித்து அழுதாள். இரண்டு முறையும் முகம் சுளிக்காமல் காத்திருந்த ஸ்கேன் தம்பிக்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோவை உருட்டியே கொண்டுபோன அண்ணனுக்கும் நன்றி.

மிதமான பாதிப்பு என்று வந்தது. "பிள்ளை நடக்குமா, நடக்காதா?" என்று கேட்டார் என் மாமியார். "ஸ்கேன் ஜாதகம் இல்லைங்கம்மா. இப்படிப் படம் வந்த குழந்தைகளில் பலருக்கு நடையிலும் அறிவு வளர்ச்சியிலும் தாமதம் வந்திருக்கு. வராதவங்களும் இருக்காங்க. அதனால இப்பவே பயிற்சி ஆரம்பிப்போம்" என்றீர்கள். ஒளிக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சுதான்.

இது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் காட்டினீர்கள். மெல்போர்னிலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் 30 வாரத்திலோ அதற்கு முன்போ பிறந்த 167 குழந்தைகள். முதலில் குறித்த பிரசவத் தேதியை ஒட்டி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, இரண்டு வயதில் மறுபடி கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கு 21 குழந்தைகளுக்கு மிதமான அல்லது கடுமையான வெண்பொருள் பாதிப்பு. அந்தப் பெற்றோருக்குத் தமிழ் தெரியாது, நான் இருப்பதும் தெரியாது. பெற்ற பிள்ளை பிழைக்குமா என்று தவித்த நாட்களில் ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்களே! அவர்களுக்கும் இங்கிருந்தே ஒரு கும்பிடு.

டி.இ.ஐ.சி. என்னும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் பிசியோதெரபி அக்கா, 19 மாதத்தில் நடந்தாள். இடது கால் இன்னும் நுனிவிரலில்தான் ஊன்றுகிறது. பேச்சும் பத்துச் சொல்லைத் தாண்டவில்லை. அதில் ஒன்று உங்களைக் கூப்பிடும் "க்கா". வெள்ளிக்கிழமை வரும்போது பாயசம் கொண்டுவருகிறேன். உங்களுக்குச் சர்க்கரை குறைத்துத் தனியாக.