பெண் தொழில்முனைவோர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூலதனத்தில் குறைந்தது 51 சதவீதம் பெண்களுக்கு உரியதாக இருந்தால் அது பெண் தொழில் நிறுவனம் என்ற மத்திய அரசின் வரையறை வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் போன்ற ஊர்களுக்குப் போதாது. ஒப்பந்தக்காரர் தரும் இலையையும் தூளையும் வாங்கி, எண்ணிக்கைக்குக் கூலி பெற்றுப் பீடி சுற்றுபவர் தொழிலாளியே. சொந்தப் பணத்தில் அரிசியும் உளுந்தும் வாங்கி அரைத்து, விலையைத் தானே வைத்து, விற்காமல் புளித்துப்போன மாவின் நட்டத்தையும் தானே தாங்கும் அடுத்த வீட்டுப் பெண்தான் தொழில்முனைவோர். இருவரையும் ‘சுயதொழில்’ என ஒன்றாகச் சேர்ப்பதும், மனைவி பெயரில் கடன் பெற்றுக் கணவர் நடத்தும் கடையைப் பெண் தொழிலாகப் பதிவதும் பெண் தொழில்முனைவோர் பற்றிய ஆய்வையே கெடுத்துவிடும்.

முடிவெடுப்பவர் யார், இழப்பைச் சுமப்பவர் யார் என்பதோடு, தன் வீட்டு வேலைகளில் அவருக்குச் செலவாகும் நேரத்தையும் (இதை யாரும் கேட்பதில்லை என்பது என் வருத்தம்) கணக்கெடுக்க வேண்டும். வேலூர்க் கல்லூரிகளின் பொருளியல் துறைகள் குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டங்களில் இப்பணியைத் தொடங்க வேண்டுகிறேன்.

– வாசகர், காட்பாடி