எதிர்ப்பக்கம் சுற்றிய ஃபேன்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. கடையில் கோடைக் கூட்டம். வெயில் ஏற ஏற எரிந்துபோன ஃபேனும் தண்ணி மோட்டாருமாக வந்து குவிகின்றன, ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. இந்த வருஷமும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நீ வரவில்லை. அத்தை இருந்தவரைக்கும் ஒரு வருஷம்கூடத் தப்ப விட்டதில்லை நீ. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா?

சின்னவள் பத்தாவதில் நல்ல மார்க் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். பதினொன்றில் தொழிற்பிரிவுதான் எடுப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்பதாகவும், வீட்டில் எல்லாரும் எதிர்ப்பதாகவும், நான் என்ன நினைக்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். நடுவில் "நாம் ஒக்கேஷனல் குரூப் படித்துப் பட்டது போதாதா" என்று ஒரு வரி எழுதி அதை அடித்தும் இருந்தாய். அந்த அடித்த வரியைத்தான் நான் ரெண்டு தடவை படித்தேன்.

பட்டோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த 1978-லேயே தொழிற்பிரிவும் கூடவே வந்துவிட்டது. நாம் 1986-ல் சேரும்போது எட்டு வருஷம் ஆகியிருந்தும் நம் பள்ளிக்கூடத்தில் அதற்கு இருந்தது என்ன? கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ, அதற்குள் ஒரு ஒற்றை பேஸ் மோட்டார், பீரோவுக்கு ஒரு பூட்டு. ரெண்டு வருஷமும் அந்த மோட்டாரை வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தோம். அசையாமல் நிற்கிற ஸ்டேட்டருக்குப் பச்சை, சுற்றுகிற ரோட்டாருக்குச் சிவப்பு என்று கலர் பென்சில் வேறு. அது சுற்றி நாம் ஒரு நாளும் பார்த்ததில்லை. கம்பி வாங்கப் பணம் இல்லை, கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று பயம். சார் மேல் எனக்குக் கோபமே கிடையாது, அவரே பகுதி நேரச் சம்பளத்தில் சைக்கிள் மிதித்து வந்தவர். நமக்கு வேலை வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. லீவில் பயிற்சி என்று திருமங்கலத்தில் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் கடைக்கு அனுப்பினார்களே, அந்த ஒரு மாதத்தில்தான். முதல் நாளே முதலாளி எரிந்த மோட்டாரை நம் முன்னால் போட்டு "பிரிங்கடா" என்றதும், கருகின வார்னிஷ் நாற்றத்தில் நீ வாந்தி எடுக்கப் போனதும் நினைவிருக்கும்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நான் அந்தக் குரூப்பில் சேர்ந்தேன் என்று தெரிந்த அன்றைக்கு எங்கப்பா சாப்பிடவில்லை. "கையில் அழுக்குப் படாமல் பிழைக்கட்டும் என்றுதானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், அங்கேயும் போய் வேலையா" என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வயலில் குனிந்து நின்றவர், அவர் கேட்டதில் தப்பே இல்லை. 1953-ல் ராஜாஜி கொண்டு வந்த திட்டம் அவர் தலைமுறைக்கு மறக்கவில்லை. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். குலக்கல்வி என்று சொல்லி ஊரே கொதித்தது, காமராஜர் முதலமைச்சராக வந்ததும் 1954-ல் அதை எடுத்துப் போட்டார்கள். தொழில் சொல்லித் தருகிறோம் என்று யார் வந்தாலும் நம் பக்கத்து மனிதர்கள் முதலில் சந்தேகமாகப் பார்ப்பது அதனால்தான், பார்க்கவும் வேண்டும். யார் பிள்ளைக்கு எந்தத் தொழில் என்று பிறப்பைப் பார்த்து முடிவு செய்கிற எதையும் நான் பள்ளிக்கூடத்துக்குள் விட மாட்டேன். ஆனால் அந்தப் பயத்திலேயே கையால் செய்கிற படிப்பையே ஒதுக்கி, படிப்பு ஏறாத பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற மூலையாக அதை ஆக்கிவிட்டோமே, அது இன்னொரு அநியாயம். இருநூறு மார்க்குக்குக் கீழே என்றால் ஒக்கேஷனல் என்று அட்மிஷன் மேசையிலேயே சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

சின்ன வயதில் டி.கல்லுப்பட்டி வழியாக பஸ்ஸில் போகும்போது காந்தி நிகேதன் ஆசிரமத்தைக் காட்டி "இங்கதான் குமரப்பா இருந்தாரு" என்று எங்கப்பா சொல்வார். லண்டனில் கணக்காயர் படிப்பும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்த மனிதர், கடைசிக் காலத்தில் அங்கே வந்து தங்கினார், 1960-ல் காலமானார். காந்தி 1937-ல் வார்தாவில் பேசிய ஆதாரக் கல்வி பற்றி நான் படித்தது ரொம்பப் பிந்தி. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றியே கணக்கும் அறிவியலும் வர வேண்டும் என்பதுதான் அதன் யோசனை. அப்போது அது எனக்குப் புத்தகப் பேச்சாகத்தான் பட்டது. போன வருஷம்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அதை விவரமாகச் சொல்கிறேன், உன் கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மத்தியானம் வந்து செய்து காட்ட முடியுமா என்று தலைமை ஆசிரியை கடைக்கே வந்து கேட்டார். போனேன். ஸ்டோர் ரூமில் எரிந்துபோன சீலிங் ஃபேன் ஒன்பது கிடந்தது, வகுப்பறைகளில் கழற்றிப் போட்டது. எனக்கு அதைப் பார்த்ததும் பாடத்திட்டமே கிடைத்த மாதிரி இருந்தது. பீரோவில் காட்சிக்கு வைத்த மோட்டார் வேண்டாம், இந்த ஒன்பதும் ஓடட்டும் என்றேன். எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஃபேன் இல்லாமல் அறுபது பிள்ளைகள் வேர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த ஃபேனைத்தான் நீங்கள் கட்டப் போகிறீர்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் உட்கார்ந்த தோரணையே மாறிவிட்டது.

அதில் ஒரு பெண் பிள்ளை. அம்மா பூக் கட்டி விற்கிறவர், இவளும் விடிகாலையில் எழுந்து மல்லிகை தொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவாள். முப்பத்தாறாம் கேஜ் கம்பி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், தலைமுடி மாதிரி, கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும், தளர விட்டால் ஸ்லாட் பள்ளத்தில் உட்காராது. பையன்கள் மூன்று நாள் அறுத்தார்கள். இவளும் முதல் காயிலை அறுத்தாள், ரெண்டாவதில் நூல் பிடிக்கிற மாதிரியே சுண்டுவிரலில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தாள், அதற்கப்புறம் ஒரு கம்பிகூட அறவில்லை. நான் நாற்பது வருஷமாகக் காயில் கட்டுகிறேன், சுண்டுவிரலில் சுற்றிப் பிடிக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது கடையில் நானும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

ஃபேனைக் கிளப்புகிற ஸ்டார்ட்டிங் காயில் பதினான்கு, ஓட்டுகிற ரன்னிங் காயில் பதினான்கு, எல்லாம் கட்டி, பேப்பர் செருகி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்து, அடுத்த வாரம் எங்காவது ஷார்ட் இருக்கிறதா என்று சீரிஸ் லாம்ப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மெயினில் கொடுத்தோம். ஃபேன் சுற்றியது. எல்லாரும் கை தட்டினார்கள். காற்றுதான் வரவில்லை. எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது! எனக்குப் பார்த்தவுடனே காரணம் தெரிந்துவிட்டது, வாய் வரைக்கும் வந்தும்விட்டது, ஆனால் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பையன்கள் இறக்கையைத் திருப்பி மாட்டலாம் என்றார்கள். அவள் நோட்டை எடுத்து, தான் வரைந்த படத்தையும் கண்டென்சர் ஒயரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது நிமிஷம் இருக்கும். "சார், ரன்னிங்கையும் ஸ்டார்ட்டிங்கையும் மாத்திக் குடுத்துட்டேன்" என்றாள். கரண்டை நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஒயரை மாற்றிக் கொடுத்துப் போட்டாள். மேலேயிருந்து காற்று வந்து மேசையில் இருந்த இன்சுலேஷன் பேப்பர் எல்லாம் பறந்தது.

அப்புறம்தான் பாடம். காந்த முனை (போல்) பதினான்கு, கரண்ட் நொடிக்கு ஐம்பது சைக்கிள், ஃபேன் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டேன். நூற்றிருபதை ஐம்பதால் பெருக்கிப் பதினான்கால் வகுத்து 428 என்று போர்டில் போட்டார்கள். கடையிலிருந்து கொண்டுபோன, சுற்றை அளக்கிற டேக்கோமீட்டரைப் பிடித்தால் 380-க்குக் கிட்டத்தில் காட்டியது. மீதி எங்கே போச்சு என்று அவர்களே கேட்டார்கள். மாப்ள, அந்தக் குறைவுக்குப் பெயர்தான் ஸ்லிப், நாம் அந்தச் சொல்லை ரெண்டு வருஷம் மனப்பாடம் செய்தோம், நம்மில் ஒருவன்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஒன்பதில் எட்டு ஃபேன் ஓடுகிறது. ஒன்று காயில் உட்காரும் இரும்புத் தகடான ஸ்டாம்பிங்கே தேய்ந்து போனது, அதைப் பிரித்துப் பழகுவதற்கு வைத்துக்கொண்டோம். வீணான கம்பி ஒரு கிலோவுக்கு மேல். தாமிர விலை உனக்கே தெரியும், தலைமை ஆசிரியை முகம் கொஞ்சம் சுருங்கியது. நான் அவரிடம் சொன்னது, வீணாக்க விடாமல் இதைச் சொல்லித்தர முடியாது, கம்பிக்கு என்று ஒரு தொகையை ஆண்டு தொடங்கும்போதே ஒதுக்குங்கள் என்றுதான். இந்த ஒரு விஷயம் சரியாக இல்லாததால்தான் பல இடங்களில் தொழிற்பிரிவு பெயருக்கு நடக்கிறது. பத்தாததற்கு ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடத்துக்கு ஆள் போடாமல் பிரிவையே மூடிய பள்ளிக்கூடங்களும் உண்டு.

ஆகவே உன் சின்னவள் விஷயம். சேர்த்துவிடு, ஆனால் பள்ளிக்கூடத்தைப் பார்த்துச் சேர். குரூப் பெயரைக் கேட்டுவிட்டு வந்துவிடாதே. ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல். பீரோ பூட்டியிருக்கிறதா, மேசையில் வார்னிஷ் கறை இருக்கிறதா என்று பார். தொழிற்பாட ஆசிரியர் நிரந்தரமா, யாராவது வந்து போகிறவரா என்று கேள். கணக்குப் பாடமும் அந்தக் குரூப்பில் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேள், பின்னால் இன்ஜினியரிங் பக்கம் திரும்ப அது உதவும், அங்கே தொழிற்பிரிவுக்குத் தனி இட ஒதுக்கீடும் உண்டு. பாலிடெக்னிக்கில் நேராக ரெண்டாம் வருஷத்தில் சேரலாம். அரசுப் பள்ளியிலேயே ஆறாவதிலிருந்து படித்தவள் என்பதால் மேலே டிப்ளமோவோ டிகிரியோ எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், ஐடிஐ போனாலும் வரும். டாக்டருக்குப் படிக்க ஆசை இருந்தால் மட்டும் இது வேண்டாம், அதை அவளிடம் இப்போதே வெளிப்படையாகக் கேட்டுவிடு.

அப்புறம், பழகுநர் பயிற்சி, கம்பெனியில் அப்ரண்டிஸாக வேலை பழகுவது. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டத்தை 1986-ல் திருத்தி நம்மைப் போன்ற தொழிற்பிரிவுக்காரர்களையும் உள்ளே சேர்த்ததால்தான் 1988-ல் நீ கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாய். அந்த ஒரு வருஷம் இல்லாவிட்டால் இன்றைக்கு நீ பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பொறுப்பில் இருந்திருக்க மாட்டாய், அடித்த அந்த வரிக்கு இதுதான் என் பதில். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் இப்போது என்னென்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று பள்ளியிலேயே சொல்கிறார்கள், நமக்கு அதைச் சொல்ல ஆளே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காயில் கட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டு அவள் பிழைக்க முடியாது. இப்போது எலக்ட்ரானிக் போர்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன் வந்துவிட்டது, பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட் எடுத்தால் இது முப்பது சொச்சம்தான். அதில் ஸ்டார்ட்டிங் காயிலும் கிடையாது கண்டென்சரும் கிடையாது, போர்டு போனால் போச்சு. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுகிற ஸ்டார் லேபிளும் கட்டாயம். என் கடைக்கு வருகிற பத்தில் ரெண்டு மூன்று இப்போது இந்த வகை, நானே இந்த வயதில் சால்டரிங் அயனும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பாடத்தில் இது வந்தே ஆக வேண்டும். தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன், ஜூனில் பள்ளி திறந்ததும் எரிந்த பிஎல்டிசி போர்டு நாலைந்து கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டப் போகிறேன்.

இதற்கு உன்னிடம் ஒரு உதவி வேண்டும். உங்கள் கம்பெனியில் டெஸ்டிங்கில் கழித்துப் போடுகிற ஸ்டேட்டர்கள் பழைய இரும்பு எடைக்குப் போகின்றன அல்லவா, அதில் அரை எச்பி, ஒரு எச்பி ஒற்றை பேஸ் பத்துப் பன்னிரண்டு கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார். எடை விலையை நான் கொடுத்துவிடுகிறேன். லாரி ஷெட்டில் என் கடைப் பெயருக்குப் போட்டால் போதும், மறுநாள் எடுத்துக்கொள்வேன். பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

அட்மிஷனுக்கு முன்னால் சின்னவளை ஒரு வெள்ளிக்கிழமை இங்கே அனுப்பு, அல்லது நீயே கூட்டிக்கொண்டு வா. பூக் கட்டுகிற வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாவது முடித்துவிட்டு லீவில் மத்தியானம் மத்தியானம் கடைக்கு வந்து போகிறாள், பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பமும் போட்டிருக்கிறாள். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஃபேனைப் பிரிக்கட்டும். கருகின வார்னிஷ் நாற்றம் தாங்குகிறதா என்று உன் பிள்ளையே பார்த்துக்கொள்வாள். பழைய துணி ஒன்று போட்டு வரச் சொல், கறை போகாது.

அன்புடன்,
உன் மாப்ள
திருமங்கலம்