நத்தைக்குப் பிடித்த செடி எது?

அன்புள்ள கணேசனுக்கு,

உன் தோட்டத்து நத்தையின் படம் பார்த்தேன். உள்ளங்கை நீளம், கூம்பு ஓடு, நெடுக்கப் பழுப்பு வரி. சந்தேகமே வேண்டாம், ஆப்பிரிக்க ராட்சத நத்தைதான். 1847-இல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பென்சன், கிளிஞ்சல், நத்தை ஓடு சேகரிப்பதில் கிறுக்குப் பிடித்த மனிதர். அந்தப் புண்ணியத்தைத்தான் இன்று நாம் அனுபவிக்கிறோம்.

அது தொடாத செடிகளுக்குப் பட்டியல் கேட்டிருக்கிறாய். எலுமிச்சைப் புல், ரோஸ்மேரி, பெரணி, தடித்த கற்றாழை இவற்றை அதிகம் சீண்டாது. ஆனால் பெயரைப் பார்த்து நடாதே, வயதைப் பார். நத்தையின் நாக்கு அரம் மாதிரி, சுரண்டித்தான் தின்னும். நாலு இலை விட்ட கத்தரி நாற்று ஒரே ராத்திரியில் வெறும் குச்சியாகிவிடும். முழங்கால் உயரம் வந்த கத்தரியில் சில ஓட்டைகள் விழும், செடி பிழைத்துக்கொள்ளும். வெள்ளரி, பூசணி, அவரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் நாற்றைத் திண்ணையில் தொட்டியிலேயே வளர்த்து, தண்டு முற்றியபின் இறக்கு.

பால் வடிகிற செடியைத் தொடாது என்று சொல்பவர்களை நம்பாதே. பப்பாளியில் பால் இல்லையா? இலை, விழுந்த பழம், கன்றின் அடிப்பட்டை எதையும் விடாது. பட்டையைச் சுற்றிவரச் சுரண்டிவிட்டால் கன்று அவ்வளவுதான். செண்டுமல்லி, முட்டைக்கோஸ், காசித்தும்பை இவையும் அதற்கு விருந்து.

அந்த ஆசையையே பொறியாக்கு. நனைத்த கோணிச் சாக்கை நிழலில் விரித்து, அடியில் கோஸின் மேல் இலையும் பப்பாளி இலையும் போட்டு வை. பொழுது சாயும்போது வைத்தால் விடியலில் கும்பலாகக் கிடக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்த வாளியில் போடு. செத்தபின் ஆழக் குழி தோண்டிப் புதை. வெறுங்கையால் தொடாதே: எலியின் நுரையீரல் புழு இதன் உடம்பில் இருக்கலாம், மூளை உறை வீக்கம் வரை கொண்டுபோய் விடும். கீரையையும் நன்றாக அலசு.

மண்ணில் உப்பைத் தூவாதே, செடி பட்டுப்போகும். சாம்பல் காய்ந்திருக்கும்வரைதான் வேலை செய்யும், ஒரு தூறலோடு சரி. முட்டை ஓடு தூவுவது இன்னும் வேடிக்கை. தன் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டி வெள்ளையடித்த சுவரையே சுரண்டுகிற பிராணிக்கு நாமே கொண்டுபோய்ப் பரிமாறுகிறோம்! நத்தையைக் கொல்லும் விஷமான மெட்டால்டிஹைடு குருணையை, வீட்டில் நாய் இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்து. காலையில் ஊற்றினால் இரவுக்குள் மேல்மண் உலர்ந்துவிடும், ஊர்ந்து வருவது அதற்குச் சிரமம்.

முட்டையைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தொட்டி அடியிலும் எருக்குவியல் ஓரத்திலும் இரண்டு மூன்று விரல்கடை கிளறிப் பார். ஊறிய ஜவ்வரிசி போல, லேசான மஞ்சள் ஓடிய வெள்ளையாக, ஒரே குவியலில் நூற்றுக்கு மேல் இருக்கும். அள்ளிக் கொதிநீரில் போடு. கோடையில் நத்தை தன் ஓட்டின் வாயை மெல்லிய வெள்ளை மூடியால் அடைத்துக்கொண்டு சுவர் இடுக்கிலும் கல்லடியிலும் தூங்கும். முதல் மழைக்கு முன்னால் அங்கே ஒரு சுற்று பொறுக்கிவிட்டால் ஆனி, ஆடியில் பாதி வேலை மிச்சம்.

எருக்குவியலைக் கிளறியதும் என்ன கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
முருகேசன்